இறக்கிவிட்டுப் போகும் பெற்றோருக்கு

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களே,

உங்களிடம் ஒரு சனிக்கிழமை கேட்டு வாங்கத்தான் இந்த மடல். டியூஷன், டெஸ்ட் பேட்ச், ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் போக வாரத்தில் மிஞ்சுவதே அரை ஞாயிறுதான், இதில் சனிக்கிழமையை வேறு கேட்கிறீர்களா என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்த பிறகும் கோபம் மிச்சமிருந்தால் தாராளமாகத் திட்டுங்கள்.

‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ என்று ஓர் அமெரிக்கப் படம். ஜான் ஹியூஸ் எழுதி இயக்கி 1985 பிப்ரவரியில் வெளிவந்தது. நான் அதைப் பார்த்தது அண்மையில்தான், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு. “அதெல்லாம் பதினஞ்சு வயசுல பார்க்க வேண்டிய படம், இப்பப் பார்த்து என்ன ஆகப்போகுது?” என்று விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். பாதிப் படம் தாண்டுவதற்குள் எனக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது. பதினைந்து வயதில் பார்த்திருந்தால் அந்த ஐந்து பிள்ளைகளில் நான் யார் என்று தேடியிருப்பேன். இந்த வயதில் பார்த்ததால், அவர்களைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோர்மேல் கண் போனது. பிள்ளைகளுக்குப் போக வேண்டிய மடல் உங்கள் விலாசத்துக்கு வந்திருப்பது அதனால்தான்.

கதை என்று சொல்ல அதிகமில்லை. இல்லினாய் மாநிலத்தில் ஷெர்மர் என்றொரு கற்பனை ஊர். 1984 மார்ச் 24, சனிக்கிழமை, காலை ஏழு மணி. ஐந்து மாணவர்கள் தண்டனையாக விடுமுறை நாளில் பள்ளி நூலகத்துக்கு வந்து மாலைவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, தூங்கக் கூடாது, இடம் மாறக் கூடாது. ‘நான் யார்’ என்று ஆயிரம் சொற்களுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும். படிப்பாளி பிரையன், மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ, வசதியான வீட்டுப் பெண் கிளேர், யாரோடும் ஒட்டாத ஆலிசன், ஆசிரியர்கள் கைகழுவிவிட்ட பெண்டர். மற்ற நாட்களில் வராந்தாவில் எதிரே வந்தாலும் தலையசைக்காத ஐந்து பேர். 97 நிமிடங்களில் அவர்கள் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஆடுகிறார்கள், அழுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது.

முதல் சில நிமிடங்களை மட்டும் கூர்ந்து பாருங்கள் என்பேன். ஒவ்வொரு வண்டியாக வந்து நிற்கிறது. கிளேரின் அப்பா, வகுப்பைக் கட்டடித்துவிட்டுக் கடைக்குப் போனதெல்லாம் ஒரு குற்றமா என்கிற மாதிரி ஆறுதல் சொல்லி, இதற்கு ஈடு செய்துவிடுகிறேன் என்கிறார். பிரையனின் அம்மா, உள்ளே போய் இந்த நேரத்தையாவது படிக்கப் பயன்படுத்து என்கிறார். அங்கே படிக்க விடமாட்டார்கள், சும்மா உட்காரத்தான் வேண்டும் என்று பையன் சொன்னால், அதற்கும் ஒரு வழி கண்டுபிடி என்று பதில் வருகிறது. பக்கத்திலிருக்கும் தங்கையும் அம்மாவோடு சேர்ந்துகொள்கிறாள். ஆண்ட்ரூவின் அப்பாவுக்கு மகன் செய்த காரியம் பெரிதாகப் படவில்லை. மாட்டிக்கொண்டதுதான் தப்பு, ஸ்காலர்ஷிப் போய்விடும் என்பதுதான் அவர் கவலை. ஆலிசன் இறங்கி, ஏதோ சொல்ல ஜன்னல் பக்கம் ஓரடி வைக்கிறாள். வண்டி கிளம்பிப் போய்விடுகிறது. பெண்டரைக் கொண்டுவந்துவிட ஆளில்லை, நடந்து வருகிறான்.

இந்த ஐந்து காட்சிகளும் நமக்குப் புதிதில்லை. காலை ஆறரை மணிக்கு நம் ஊர் டியூஷன் சென்டர் வாசலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலேயே ஓர் அம்மா, “மத்தியானம் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் வாங்கிட்டு வந்துடு” என்கிறார். ஓர் அப்பா பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, “போன தடவ மாதிரி சில்லி மிஸ்டேக் பண்ணாத” என்கிறார். இரண்டிலும் பாசம் இருக்கிறது. விடிகாலையில் எழுந்து டிபன் கட்டி, ஹெல்மெட் மாட்டி வருகிறவரிடம் பாசம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? பிரையனின் அம்மாவிடமும் அது இருந்தது. ஆனால் வண்டியிலிருந்து இறங்கும் பிள்ளையின் காதில் விழுவது கடைசியாகச் சொன்ன வாக்கியம் மட்டும்தான். அதில் நாம் எதை வைத்து அனுப்புகிறோம் என்று இந்தப் படம் கேட்கிறது. ஒரே ஒரு தடவைதான் கேட்கிறது, அதுவும் சத்தம் போடாமல். எனக்கு அது உறைத்தது.

நூலகத்துக்குள் போனபின் பெற்றோர் திரையில் இல்லை. ஆனால் பிள்ளைகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் வந்துவிடுகிறார்கள். பெண்டர் முதலில் பிரையன் வீட்டுச் சாப்பாட்டு மேசை எப்படி இருக்கும் என்று இனிக்க இனிக்க நடித்துக் காட்டுகிறான். பிறகு தன் வீட்டை நடித்துக் காட்டுகிறான்: வசவு, அடி. நீ சும்மா கதை விடுகிறாய் என்று ஆண்ட்ரூ சொன்னதும் சட்டைக் கையைச் சுருட்டி, சுருட்டால் சுட்ட தழும்பைக் காட்டுகிறான். வண்டி நிறுத்தும் அறையில் பெயின்ட்டைக் கொட்டியதற்கு அப்பா கொடுத்த தண்டனை. நம் வீடுகளில் அவ்வளவு இல்லை என்று உடனே ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். இந்தப் படத்தில் கை நீட்டுகிற அப்பா ஒருவர்தான். மற்ற நான்கு வீடுகளிலும் யாரும் யாரையும் தொடக்கூட இல்லை. காயம் மட்டும் நான்கு பேருக்கும் இருக்கிறது.

படத்தின் உயிர்நாடி என்று நான் நினைப்பது, ஐந்து பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசும் காட்சி. இங்கே ஏன் வந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். நடிகர்கள் தங்கள் வாயில் வருவதைச் சொல்லட்டும் என்று ஹியூஸ் அந்தக் காட்சியைப் பெரும்பாலும் அவர்களிடமே விட்டுவிட்டாராம். படத்தைக் கதை போகும் வரிசையிலேயே எடுத்ததால், அந்நியர்கள் மெல்ல நெருங்குவது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆண்ட்ரூ தன்னைவிட மெலிந்த ஒரு பையனைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியிருக்கிறான். எதற்காக? தன் வாலிபத்தில் செய்த முரட்டுத்தனங்களைப் பற்றி அப்பா பெருமையாகப் பேசுவார். மகனாகிய தான் அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்று அவருக்கு ஏமாற்றமோ என்று இவனுக்குள் ஒரு பயம். அந்தப் பையன் வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவிடம் இதை எப்படிச் சொல்லியிருப்பான் என்று நினைத்து ஆண்ட்ரூ அழுகிறான். ஒரு முரடனின் அழுகைக்குள் இரண்டு அப்பாக்கள். இதை எழுதியவருக்கு அப்போது 35 வயதுகூட ஆகவில்லை.

அடுத்தது பிரையன். உங்களுக்கு இந்த மடலை எழுதவைத்தவன் அவன்தான்.

பிரையன் நம் தெருவில் இருக்கும் பையன். கணக்கு கிளப், இயற்பியல் கிளப் இரண்டிலும் இருக்கிறான். சராசரி மதிப்பெண் குறையாமல் இருக்கட்டும் என்று, சுலபம் என நினைத்துப் பட்டறைப் பாடத்தை எடுத்திருக்கிறான். யானை வடிவத்தில் ஒரு பீங்கான் விளக்கு செய்ய வேண்டும், தும்பிக்கையை இழுத்தால் விளக்கு எரிய வேண்டும். இவன் செய்தது எரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஃபெயில். அவன் பள்ளி லாக்கரில் ஒரு துப்பாக்கி கண்டெடுக்கப்படுகிறது. அதை எதற்குக் கொண்டுவந்தான் என்பதை அவனால் சொல்லவே முடியவில்லை, மற்றவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அது அவசர ஒளிக்குண்டு சுடும் துப்பாக்கிதான் என்றும், லாக்கருக்குள்ளேயே வெடித்துவிட்டது என்றும் அவன் சொன்னதும் சிரிப்பு கிளம்புகிறது, அவனும் சேர்ந்து சிரிக்கிறான். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருவதில்லை. வந்தாலும் பாதியில் நிற்கிறது.

இதற்கு முன்னால் ஒரு சின்ன உரசல் உண்டு. பட்டறைப் பாடத்தை முட்டாள்கள்தான் எடுப்பார்கள் என்று பிரையன் சொல்லிவிடுகிறான். அதை உண்மையாகவே படிக்கிற பெண்டருக்குச் சுருக்கென்கிறது. திரிகோணவியல் இல்லாவிட்டால் பொறியியலே இல்லை, தெரியுமா என்று பிரையன் மடக்கப் பார்க்கிறான். விளக்கு இல்லாவிட்டால் வெளிச்சமே இல்லை என்று பெண்டர் திருப்பிக் கொடுக்கிறான். கட் ஆஃப் மார்க்கைத் தவிர வேறு எண்ணே தெரியாமல் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பாடம் சொல்லிவிட முடியாது. அந்தப் பாடம் நமக்கும்தான். பாலிடெக்னிக் சேர்ந்த மச்சினர் மகனைப் பற்றி, பிள்ளை காதுபட நாம் எந்தக் குரலில் பேசினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நமக்கெல்லாம் வயிற்றில் ஒரு பயம் இருக்கிறது. அதை நாம் வாய்விட்டுப் பேசுவதில்லை. மறுநாள் காலை நாளிதழைப் புரட்டும்போது, முதலிடம் பெற்ற பிள்ளைகளின் படத்துக்கு முன்பே உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி இருக்குமோ என்று கண் தேடுகிறது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்ற நடுக்கம். பிள்ளைகளிடையே ஒப்பீடு வேண்டாமென்று தமிழ்நாடு அரசு 2017இலேயே மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. அரசாங்கம் நிறுத்திய பட்டியலை நாம் வீட்டில் நிறுத்தவில்லை. சித்தப்பா மகள், எதிர்வீட்டுப் பையன், பழைய பி.டி.ஏ. மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பிள்ளை என்று ஒரு தனி ரேங்க் பட்டியல் நம் சமையலறையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிரையனின் கதையில் என்னை உலுக்கியது அந்தத் துப்பாக்கிகூட இல்லை. அவன் அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த இடம் அவன் வீட்டில் இல்லை. காலையில் அதே காரில், அதே அம்மாவுக்குப் பக்கத்தில்தான் அவன் வந்தான். இது எதுவும் அந்தக் காரில் பேசப்படவில்லை. படிக்க வழி கண்டுபிடி என்பது மட்டும்தான் பேசப்பட்டது. சனிக்கிழமை முழுக்கப் பூட்டிவைத்த ஓர் அறையில், முன்பின் பழகாத நான்கு பேரிடம் அவனால் சொல்ல முடிந்தது. ஏனென்றால் அவர்களுக்கு அவன் மார்க்கால் ஆவது ஒன்றுமில்லை.

நம் தமிழ்ப் படங்களிலும் பள்ளிச் சீருடை நிறைய வந்திருக்கிறது. 1981இன் ‘பன்னீர் புஷ்பங்கள்’, ‘அலைகள் ஓய்வதில்லை’ முதல் 2004இன் ‘காதல்’ வரை நாம் கொண்டாடியவை உண்டு. அவை அந்த வயதின் காதலைக் கேட்டன, நன்றாகவே கேட்டன. அந்த வயது தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது, வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறது என்று ஒரு படம் முழுக்க உட்கார்ந்து கேட்டதை நான் இந்தப் படத்தில்தான் பார்த்தேன். சிகாகோவை அடுத்த டெஸ் பிளெய்ன்ஸில் 1981இல் மூடிவிட்ட மெயின் நார்த் உயர்நிலைப் பள்ளி. அதன் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஒரு நூலகத்தைச் செட்டாகப் போட்டு, சுமார் 10 லட்சம் டாலர் செலவில் எடுத்து முடித்தார்கள். உலகம் முழுக்க அது 5 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. கார் துரத்தல் இல்லை, வெளிநாட்டுப் பாட்டு இல்லை. ஐந்து பேர் பேச, ஒருவர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். வீட்டில் அதைச் செய்ய நமக்கு 10 லட்சம் டாலரும் வேண்டாம்.

அந்தப் பள்ளியின் வெர்னன் என்ற உதவித் தலைமையாசிரியரையும் நீங்கள் பார்க்க வேண்டும். எதிர்த்துப் பேசும் பெண்டருக்கு இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு சனிக்கிழமை என்று கூட்டிக்கொண்டே போய் இரண்டு மாதத்தை எட்டிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார். பிள்ளை வாயைத் திறந்தால் பைக்கைப் பிடுங்கு, போனைப் பிடுங்கு, பாக்கெட் மணியைக் குறை என்று அடுக்கிக்கொண்டு போகும் வேளையில் நாம் இருப்பதும் அதே இடம்தான். பிறகு வெர்னன் பள்ளித் துப்புரவுப் பணியாளர் கார்லிடம் மனம்விட்டுப் பேசுகிறார். நாளைக்கு நாட்டை நடத்தப்போவது இந்தப் பிள்ளைகள், வயதான காலத்தில் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியதும் இவர்கள்தான் என்று அஞ்சுகிறார். அதை நம்பியிருக்க வேண்டாம் என்று கார்ல் சொல்லிவிடுகிறார். பெரியவர்களின் கண்டிப்புக்குள் இருக்கும் பயத்தை இந்தப் படம் கேலி செய்யாமல் காட்டுகிறது. பிள்ளைகள் பக்கம் நிற்கிற படம் என்பதற்காக உங்களை அது வில்லனாக்கிவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்கப்போவதற்கு வருகிறேன். இந்தப் படத்தில் கெட்ட வார்த்தை உண்டா? நிறைய உண்டு. கஞ்சா? அதையும் புகைக்கிறார்கள். பாலியல் பேச்சு? இருக்கிறது. இதைவிடப் பெரிய குறையும் இருக்கிறது. மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்போது பெண்டர் கிளேரிடம் அத்துமீறுகிறான். படம் அதை ஒரு வேடிக்கைபோலக் கடந்துவிட்டு, கடைசியில் அவனுக்கே அவள் முத்தத்தையும் கொடுக்க வைக்கிறது. தன் போக்கில் இருந்த ஆலிசனுக்குத் தலைவாரி, பளிச்சென்று ஒப்பனை போட்ட பிறகுதான் ஆண்ட்ரூவின் கண்ணுக்கு அவள் தெரிகிறாள். ஐந்து பேரில் ஒருவர்கூட வெள்ளையர் அல்லாதவர் இல்லை. இவை எதையும் நான் மறைக்கவில்லை, நீங்களும் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் தொந்தரவு செய்தவனுக்குப் பரிசு கிடைப்பது நம் திரையரங்குகளுக்குத் தெரியாத கதையா? தெரிந்த அந்தக் கதையைப் பற்றி மகனிடமும் மகளிடமும் நேராகப் பேச இது ஒரு வாய்ப்பு.

இந்தக் குறைகளை எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் கிளேராக நடித்த மோலி ரிங்வால்டே. அந்தப் படத்தில் நடித்தபோது அவருக்கு 16 வயது. 2018இல் ‘தி நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரையில், தன்னை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய ஹியூஸின் படங்களைத் திரும்பிப் பார்த்து, எங்கெல்லாம் மனம் இடறுகிறது என்று ஒளிக்காமல் சொன்னார். அதே சமயம் அந்தப் படங்கள்மேல் தனக்கிருக்கும் அன்பையும் அவர் கைவிடவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்தது அதில் வரும் இன்னொரு விஷயம். தன் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அம்மா நடித்த கிளேரை மகள் தன்னோடு பொருத்திப் பார்ப்பாள் என்றுதான் யாரும் நினைப்போம். அவள் பொருத்திப் பார்த்தது பிரையனோடு. படிப்பு விஷயத்தில் அம்மா தரும் அழுத்தத்தைப் பற்றி அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். படத்தில் நடித்த தாய்க்கே தன் வீட்டில் ஒரு பிரையன் இருப்பது படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்றால், நமக்கு எங்கே தெரிந்துவிடப்போகிறது?

அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கிடைத்த தணிக்கைச் சான்று ‘ஆர்’. 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ பெரியவர்களோ கூட வராமல் பார்க்க முடியாது. பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய படத்தைப் பதினாறு வயதுப் பிள்ளை தனியாகப் பார்க்க முடியாது என்பது அந்தக் காலத்தில் பலருக்கு எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கு அது எதேச்சையாக அமைந்த நல்ல யோசனையாகப் படுகிறது. பெற்றவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் காட்ட வேண்டிய படம் இது. ஹியூஸும் கடைசிக் காட்சியில் அந்த இடத்தில்தான் போய் உட்கார்ந்தார். மாலையில் பிரையனைக் கூட்டிப்போக வரும் அப்பாவாக, ஒரு வார்த்தை பேசாமல் சில நொடி தோன்றுபவர் அவரேதான்.

நான் இந்தப் படத்தின்மேல் முதல் பார்வையிலேயே மயங்கிப்போனதற்குக் கடைசிக் காரணம் ஒன்று உண்டு. இவ்வளவு பேசி முடித்தபின் பிரையன் ஒரு கேள்வி கேட்கிறான்: திங்கட்கிழமை நாம் வராந்தாவில் பார்த்துக்கொண்டால் இதே மாதிரி நண்பர்களாக இருப்போமா? மாட்டோம் என்று கிளேர் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எல்லோருக்கும் வலிக்கிறது, சண்டை வருகிறது, படமும் அதை மாற்றி எழுதவில்லை. திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று காட்டாமலே முடிந்துவிடுகிறது. வளர்ந்தால் பெற்றோரைப் போலவே ஆகிவிடுவோமோ என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள், அதற்கும் படம் ஆறுதல் சொல்லவில்லை. அந்த வயதைப் பொய் சொல்லி ஏமாற்றாத படம் என்பதால்தான் அதை நம்பினேன். உங்கள் பிள்ளைகளும் நம்புவார்கள். “நல்லாப் படிச்சா எல்லாம் சரியாயிடும்” என்று நாம் சொல்வதை அவர்கள் நம்பி ரொம்ப நாளாகிறது.

ஆகவே, கேட்க வந்ததைக் கேட்கிறேன். அரைப் பரீட்சையோ ரிவிஷனோ எதுவாக இருந்தாலும் சரி, அடுத்த மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமையை எடுத்துவையுங்கள். அதற்கு முன் ஒரு நாள், பிள்ளை வீட்டில் இல்லாத நேரம், படத்தை நீங்கள் மட்டும் பாருங்கள். இருவர் இருந்தால் இருவருமாக. உங்கள் பிள்ளையின் வயதுக்கும் மனதுக்கும் இது தகுமா என்று முடிவுசெய்ய வேண்டியவர் நீங்கள்தான், நான் இல்லை. பத்தாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பது என் எண்ணம். படம் முழுக்க ஒத்துவராது என்று தோன்றினால் அந்த வாசல் காட்சியையும் வட்டமாக உட்கார்ந்து பேசும் காட்சியையும் மட்டுமாவது மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் போங்கள்.

ஒத்துவரும் என்றால், அந்தச் சனிக்கிழமை டியூஷனுக்கு லீவு சொல்லிவிட்டுச் சேர்ந்து பாருங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். முடிந்ததும் “இதுலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்காதீர்கள், அது இன்னொரு தேர்வு. “இந்த அஞ்சு பேர்ல நீ யாரு?” என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வராது, வரும்வரை இருங்கள். அவன் பிரையன் என்று சொன்னாலும், அவள் பெண்டர் என்று சொன்னாலும், “உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?” என்று தொடங்கிவிடாதீர்கள். அந்தக் கேள்வியால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். பிரையன் சொல்ல முடியாமல் திணறியதைப் போன்ற ஏதாவது உங்கள் பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், அதை அந்த வயதின் நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்திலேயே இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் 104ஐயும் நினைவில் வைத்திருங்கள். எந்த நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதனால் மார்க் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு மாதிரித் தேர்வில் நான்கைந்து மார்க் குறையவும் குறையலாம். குறைந்தால் அந்தப் பழியை என்மேல் போடுங்கள். பிள்ளையிடம் மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் இறக்கிவிட்டுப் போகிற ஒருவர்